களத்துக்கு அழைத்தவர் மன்றத்துக்கு அழைத்தாரா?

கோயில் மண்டபத்திலே கதாகாலட்சேபம் நடக்கிறது. ஒருவன் மந்திரத்தை முணுமுணுத்து அம்பு விடுகிறான். அது நெருப்பைக் கக்குகிறது. எதிரி வேறொரு மந்திரம் சொல்கிறான். மழை கொட்டுகிறது, நெருப்பு அணைகிறது. ஒருவன் பாம்புக் கணை விட்டால் மற்றவன் கருடக் கணை விடுகிறான். கேட்டிருப்போர் கன்னத்திலே போட்டுக் கொள்கின்றனர். இதுதான் போர், இப்படித்தான் வெற்றி கிடைத்தது, என்று எண்ணியபடி வீடு திரும்புகின்றனர்.

நாம் கேட்க விரும்புவது சிறு கேள்வி. அந்த வில்லை வளைத்துத் தந்தவன் யார்? அம்பு முனைக்கு இரும்பு காய்ச்சியவன் யார்? தேர்ச் சக்கரத்துக்கு ஆரம் செதுக்கிய தச்சன் எங்கே? கதையிலே அவர்களுக்கு இடம் இல்லை. போர், பிறக்கும்போதே வீரத்தோடு பிறந்த குலத்தாரின் தனி உரிமை; வெற்றி, தேவர் தந்த வரம்! அந்தக் குலத்தில் பிறவாதவன் வில் பிடித்தால்? அதற்கும் விடை எழுதி வைத்திருக்கிறார்கள் — ஏகலைவனின் கட்டைவிரல்!

நம் புறநானூறு அப்படிப் பேசவில்லை. மகனைக் களத்துக்கு அனுப்பும் தாய் ஒருத்தி, அவரவர் கடமையை அடுக்கிச் சொல்லும்போது, ஆயுதம் செய்து தரும் கொல்லனையும் சேர்த்துச் சொல்கிறாள். வேந்தனுக்கும் கடமை உண்டு என்கிறாள். தமிழ் மூதாட்டிக்குத் தெரிந்திருந்த உண்மை இது. வரலாறும் அதைத்தான் சொல்கிறது.

போர் முறை காலந்தோறும் மாறிற்று. ஏன் மாறிற்று? தெய்வம் கட்சி மாறியதால் அல்ல. கருவி யார் கையில் இருக்கிறது, போரை நடத்த எத்தனை கைகள் வேண்டும் — இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை மாறியபோதெல்லாம் போர் மாறிற்று. போர் மாறியபோது, அரியணைகளும் ஆட்டம் கண்டன. இதை நாம் விளங்கிக்கொண்டால், இன்று நம்மைச் சூழ்ந்துள்ள ஆபத்து எது என்பதும் விளங்கும்.

வெண்கலக் காலத்திலே செம்பும் வெள்ளீயமும் அரிய பொருள்கள். வெள்ளீயம் தொலை தூரத்திலிருந்து வரவேண்டும். தேருக்குக் குதிரை வேண்டும், குதிரைக்குத் தீனி வேண்டும், தேரோட்டி வேண்டும். ஆகவே போர், செல்வரின் தொழிலாக இருந்தது. பின்னர் இரும்பு வந்தது. இரும்புத் தாது எங்கும் கிடைத்தது. ஊர்க் கொல்லன் உலையிலே ஆயுதம் பிறந்தது. மலிவான இரும்பு ஏந்திய காலாட்கள் அணிவகுத்து நின்றபோது, தேர்ப்படையின் பெருமை மங்கிற்று. கருவி மலிந்தது; கைகள் பெருகின.

கைகள் பெருகினால் என்ன நடக்கும் என்பதை ஏதென்ஸ் நகரம் காட்டிற்று.

கி.மு. 483 வாக்கில் ஏதென்சின் வெள்ளிச் சுரங்கத்திலே பெருஞ்செல்வம் கிடைத்தது. ஆளுக்குக் கொஞ்சம் பங்கிட்டுக் கொள்ளலாம் என்று பேச்சு எழுந்தது. தெமிஸ்டாக்ளிஸ் என்ற தலைவன் அதைத் தடுத்து, அந்தச் செல்வத்தைக் கொண்டு போர்க் கப்பல்கள் கட்டச் செய்தான். கி.மு. 480-ல் பாரசீகப் பேரரசன் பெரும்படையோடு வந்தான். ஏதென்சு மக்கள் டெல்ஃபி கோயிலிலே குறி கேட்டனர். மரச்சுவர் உங்களைக் காக்கும் என்று வந்தது குறி! எந்த மரச்சுவர்? மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள மரவேலிதான் என்றனர் சில முதியோர். கப்பல்களே மரச்சுவர் என்றான் தெமிஸ்டாக்ளிஸ். வேலியை நம்பி மலைமீது இருந்தவர்கள் பாரசீகரால் வெட்டுண்டு மாண்டனர். கப்பலை நம்பியவர்கள் சலாமிஸ் நீரிணையிலே வென்றனர். குறி ஒன்றுதான், அறிவைக் கொண்டு அதற்குப் பொருள் கண்டவன் பிழைத்தான்.

அந்தக் கப்பலை ஓட்டியவர் யார்? ஒவ்வொரு கப்பலிலும் மூன்று அடுக்காக அமர்ந்து துடுப்பு வலித்தவர் 170 பேர். தரைப்படை வீரனாவதற்குக் கேடயமும் கவசமும் தன் காசிலே வாங்கவேண்டும். அதற்கு வழியற்ற ஏழைகளே துடுப்புப் பிடித்தனர். அவர்கள் கையிலே நகரத்தின் உயிர் இருந்தது. நகரைக் காத்தவன், நகரை ஆள்வதிலே பங்கு கேட்டான். சலாமிசுக்குப் பின் இருபது ஆண்டுகளுக்குள், மேட்டுக்குடியினரின் பழம்பெரும் மன்றம் தன் அதிகாரத்திலே பெரும்பகுதியை இழந்தது. பின்னர், நீதிமன்றத்திலே அமரும் ஏழைக்கு நாட்கூலி தரும் ஏற்பாடும் வந்தது. மக்களாட்சியை அடியோடு வெறுத்த ஒரு கிரேக்க எழுத்தாளனே, நகரத்துக்கு வலிமை தருவோர் துடுப்பு வலிப்போர்தாம், ஆகவே அவர்கள் உரிமை பெறுவதும் முறையே என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பெண்களும் அடிமைகளும் அந்த மன்றத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டனர் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் ஒரு வழக்கு எழுப்பப்பட்டு விட்டது: களத்துக்கு அழைத்தவன், மன்றத்துக்கும் அழைக்க வேண்டும்!

நூற்றாண்டுகள் உருண்டன. ஐரோப்பாவிலே மீண்டும் போர், பிறப்பால் உயர்ந்தோரின் சொத்தாயிற்று. பிரபு, தலைமுதல் கால்வரை இரும்பு உடுத்து, பெருங்குதிரையேறி வந்தான். ஏழையின் ஈட்டி அவனைத் தீண்டவில்லை. தீண்டும் கருவி ஒன்று வந்தது: விசையால் அம்பு எய்யும் குறுக்குவில். சில நாள் பயிற்சி பெற்றவன்கூட, பல தலைமுறைப் பிரபுவை வீழ்த்தலாம். உடனே மதபீடம் விழித்துக் கொண்டது! 1139-ல் ரோமிலே கூடிய லாட்டரன் திருச்சபை மன்றம், கிறித்தவர்மீது அந்த வில்லைப் பயன்படுத்தலாகாது என்று தடை விதித்தது. வாளுக்கும் வேலுக்கும் அந்தத் தடை இல்லை. கிறித்தவர் அல்லாதவர்மீது எய்யலாமா? அதைப் பற்றித் தடை ஏதும் பேசவில்லை! தடையையும் மீறி வில் பரவிற்று என்பது வேறு செய்தி.

1302 ஜூலை 11. பிளாண்டர்ஸ் நாட்டின் கோர்ட்ரை நகருக்கு வெளியே, பிரெஞ்சு மன்னன் நான்காம் பிலிப்பின் குதிரைப் பிரபுக்கள் அணிவகுத்து நின்றனர். எதிரே நின்றவர் யார்? புரூஜ் நகரத்து நெசவாளர், துணி துவைப்போர், கசாப்புக்காரர்! தறியை விட்டு வந்தவர்கள். அவர்கள் கையிலே தடித்த கம்பு. அதன் நுனியிலே இரும்பு முள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘நல்வணக்கம்’. பிரபுவுக்கு வணக்கம் சொல்லும் கம்பு!

களத்தின் குறுக்கே ஓடைகள், சேற்று நிலம். பிரெஞ்சுக் காலாட்கள் முன்னேறிக்கொண்டுதான் இருந்தனர். ஆனால் வெற்றியின் புகழ் கூலிக்காரனுக்குப் போகலாமா? அவர்களை விலகச் சொல்லிவிட்டுப் பிரபுக்கள் பாய்ந்தனர். குதிரைகள் ஓடையிலே தடுமாறின. நெசவாளர் அணி கலையவில்லை. சிறைப்பட்ட பிரபுவைப் பணம் பெற்றுக்கொண்டு விடுவிப்பது அக்கால வழக்கம். அந்த வழக்கத்தையும் அன்று நெசவாளர் ஏற்கவில்லை. படைத்தலைவன் ஆர்ட்வாப் பிரபு உட்பட ஆயிரம் பேருக்கு மேற்பட்ட உயர்குடியினர் மாண்டனர். அவர்கள் காலிலிருந்து கழற்றிய பொன் குதிமுட்கள் ஏறத்தாழ 500, நகர மாதா கோயிலிலே தொங்கவிடப்பட்டன. அதைத் தொடர்ந்து பிளாண்டர்ஸ் நகர மன்றங்களிலே கைத்தொழில் சங்கங்களுக்கு இடம் கிடைத்தது. களத்திலே நின்ற நெசவாளி, மன்றத்திலே அமர்ந்தான். 80 ஆண்டுகளுக்குப் பின் பிரெஞ்சுப் படை பழி தீர்த்துக்கொண்டது, நகரை எரித்தது. ஆனால் பிறவி வீரம் என்ற பொய்யின்மீது விழுந்த அடியை எந்தத் தீயும் அழிக்கவில்லை.

கம்பும் வில்லும் பிரபுவின் குதிரையை நிறுத்தின. அவன் கோட்டையைத் தகர்த்தது வெடிமருந்து. வெடிமருந்து என்கிறோம் — மருந்து எப்படி வெடிகுண்டோடு உறவு கொண்டது? சீனர்களும் அதை ‘தீ மருந்து’ என்றே அழைத்தனர். கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டளவில், சாகாமல் இருக்க மருந்து தேடிய இரசவாதிகள், வெடியுப்பையும் கந்தகத்தையும் கரியையும் கலந்தபோது கண்ட பொருள் அது. சாகா மருந்து தேடியவர்கள், சாவு மருந்தைக் கண்டனர்!

1453-ல் கான்ஸ்டாண்டிநோபிள் நகரின் பெருமதில், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்ற மதில், துருக்கிய சுல்தான் இரண்டாம் முகமதின் பீரங்கிமுன் நின்றது. அந்தப் பீரங்கியை வார்த்தவன் அர்பான் என்னும் ஹங்கேரியக் கன்னான். அவன் முதலிலே நகரத்துப் பேரரசனிடம்தான் வேலை கேட்டான். அவன் கேட்ட கூலியைத் தரக் கருவூலத்திலே பணம் இல்லை. சுல்தானிடம் சென்றான், கேட்டதற்கு மேலே கிடைத்தது. நகரத்தாரோ மாதாவின் திருவுருவத்தை வீதி வலம் எடுத்துச் சென்றனர். மே 29 அன்று மதில் பிளந்தது, நகரம் வீழ்ந்தது. உள்ளே இருந்தவனும் தொழுதான், வெளியே இருந்தவனும் தொழுதான். பீரங்கி எவருடைய தொழுகையையும் கேட்கவில்லை. வார்த்தவனின் கணக்கு சரியா என்பதை மட்டுமே கேட்டது.

கைகள் பெருகினால் அரியணை ஆடும் என்பதை அறிந்த அரசர் சும்மா இருப்பரோ? ஜப்பான் நாட்டைப் பாருங்கள். 1543-ல் போர்ச்சுகீசியர் வழியாக அங்கே துப்பாக்கி வந்தது. சில ஆண்டுகளிலே ஜப்பானியக் கொல்லர்கள் அதைத் தாமே செய்தனர். 1575-ல் நாகஷினோ களத்திலே, சாதாரணக் காலாட்கள் ஏந்திய துப்பாக்கிகள், பெயர்பெற்ற குதிரைப்படையை வீழ்த்த உதவின. அந்தப் போர்களிலே உயர்ந்து நாட்டையே கைப்பற்றிய ஹிதேயோஷி, சாமானியக் குடியிலே பிறந்தவன். ஆயுதம் பிடித்ததால் உயர்ந்தவன். உயர்ந்ததும் அவன் செய்த காரியம் என்ன? ஏறி வந்த ஏணியை எடுத்து ஒளித்தான்!

1588-ல் ஆணை பிறந்தது: உழவர் எவரும் வாள், வில், ஈட்டி, துப்பாக்கி வைத்திருக்கலாகாது, அனைத்தையும் ஒப்படைக்க வேண்டும். எதற்காக? கியோட்டோவிலே எழும் மாபெரும் புத்தர் சிலைக் கோயிலுக்கு ஆணியும் தாழ்ப்பாளும் செய்வதற்காக! ஆயுதம் தரும் உழவனுக்கு இம்மையிலும் மறுமையிலும் நன்மை உண்டாகும் என்றும் ஆணையிலே எழுதினான். ஏகலைவனிடம் குருதட்சிணை என்று கேட்டனர்; ஜப்பானிய உழவனிடம் புத்தர் பணி என்று கேட்டனர். பெயர்தான் வேறு, பறித்தது ஒன்றே. 1591-ல் இன்னோர் ஆணை — உழவன் உழவனாகவே இருக்க வேண்டும், படைவீரன் படைவீரனாகவே இருக்க வேண்டும். இத்தனை ஆயுதங்களை வாங்கிக்கொண்ட சிலை என்ன ஆயிற்று? 1596 நிலநடுக்கத்திலே இடிந்து விழுந்தது!

ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் அந்தச் சாதிக் கட்டு நீடித்தது. 1873-ல் புதிய ஜப்பானிய அரசு எல்லாக் குலத்தாரையும் படையிலே சேர்க்கும் சட்டம் கொண்டுவந்தது. 1877-ல் சாமுராய்கள் வாளேந்திக் கிளர்ந்தெழுந்தனர். அவர்களை முறியடித்த படையிலே உழவர் மக்கள் நிறைந்திருந்தனர். வீரம் குருதியிலே ஊறி வருவது என்றால், அந்த உழவன் மகன் அதை எந்தக் கடையிலே வாங்கினான்?

இதே பித்தலாட்டத்தை நம் நாட்டிலே வெள்ளையரும் செய்தனர். 1857 கிளர்ச்சிக்குப் பின், இன்ன சாதியார் போர்க்குணம் படைத்தோர், இன்னார் அற்றோர் என்று பட்டியல் போட்டனர். சென்னைப் படையைக் கொண்டே தென்னாட்டைப் பிடித்தவர்கள், பின்னர் சென்னைக்காரனுக்குப் போர்க்குணம் இல்லை என்றனர். மகர் மக்களைச் சேர்த்துக்கொண்டு போரிட்டவர்கள், 1890-களிலே அவர்களுக்குப் படையின் கதவைச் சாத்தினர். மனுவின் ஏட்டுக்கு வெள்ளையன் எழுதிய புது உரை! இரண்டாம் உலகப் போர் மூண்டதும் ஆள் போதவில்லை. 1941-ல் மகர் படைப்பிரிவு எழுந்தது. கலைக்கப்பட்டிருந்த சென்னைப் படைப்பிரிவும் மீண்டும் உருவாக்கப்பட்டது. ஆள் தேவைப்பட்ட அன்றே அத்தனை பேருக்கும் போர்க்குணம் வந்துவிட்டது! குணம் குருதியில் இல்லை, தேவையில் இருந்தது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

பிரெஞ்சுப் புரட்சி, கைகளின் கணக்கை ஒரே அடியாகப் பெருக்கிற்று. 1793 ஆகஸ்டு 23 அன்று குடியரசு மன்றம் நாடு முழுவதையும் போருக்கு அழைத்தது: இளைஞர் களத்துக்கு, மணமானோர் ஆயுதச் சாலைக்கு, பெண்கள் கூடாரம் தைக்கவும் மருத்துவப் பணிக்கும், முதியோர் சதுக்கத்திலே நின்று ஊக்கமூட்ட! மன்னர்களின் கூலிப்படைகள் அந்த வெள்ளத்தின்முன் நிற்கவில்லை. ஆனால் மக்கள் தம் குடியரசைக் காக்கக் கொடுத்த கரங்களை, நெப்போலியன் தன் மணிமுடியைத் தாங்கப் பயன்படுத்தினான். 1812-ல் அவன் ரஷ்யாவுக்கு இட்டுச் சென்றவர் ஆறு இலட்சத்துக்கு மேல். மீண்டவர் சிறு பகுதியே. கரம் கொடுத்தவன் கண்ணை மூடிக்கொண்டால் இதுதான் கதி.

பின்னர் இயந்திரம் வந்தது. 1884-ல் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தார். 1898-ல் சூடான் நாட்டு ஓம்டுர்மான் களத்திலே, சொர்க்கம் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு பாய்ந்து வந்தவர்களிலே 10,000 பேருக்கு மேல் ஒரே காலைப் பொழுதில் மடிந்தனர்; ஆங்கிலேயர் தரப்பிலே மாண்டோர் 50-க்கும் குறைவு. ஐரோப்பா இதைக் கண்டு கைகொட்டிற்று. 1916 ஜூலை 1 அன்று, பிரான்சின் சோம் ஆற்றங்கரையிலே அதே வகைத் துப்பாக்கி ஆங்கிலேயரை நோக்கிற்று. ஒரே நாளில் பிணமானோர் 19,240 பேர்!

அந்தப் போர், வீட்டு வாயிலுக்கே வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைமீது குண்டு வீசிற்று. துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ‘அவன் எம்டன்’ என்று இன்றும் பேசுகிறோமே, அந்தச் சொல் அன்று வந்தது.

கோடிக்கணக்கான கைகள் தேவைப்பட்ட போர் அது. களத்துக்குப் போன ஆங்கிலத் தொழிலாளரிலே பலருக்கு அதுவரை வாக்குரிமை இல்லை. 1918-ல் 21 வயது நிரம்பிய ஆண்களுக்கும், சில கட்டுப்பாடுகளுடன் 30 வயது கடந்த பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. இந்தியாவிலிருந்து 10 இலட்சத்துக்கும் அதிகமானோர் கடல் கடந்து சென்று அதே போரிலே உழைத்தனரே, அவர்களுக்கு என்ன கிடைத்தது? 1919-ல் ரௌலட் சட்டம்; ஜாலியன்வாலா பாக்! உரிமை, உழைத்தவன் மடியிலே தானாக விழுவதில்லை. கேட்டவனுக்கும் போராடியவனுக்குமே கிடைக்கிறது. அமெரிக்காவிலே 18 வயது இளைஞனை வியட்நாம் காட்டுக்கு அனுப்பினர். வாக்களிக்க மட்டும் 21 வயது வேண்டும் என்றனர். இது என்ன நியாயம் என்று இளைஞர் கேட்டனர். 1971-ல் வாக்குரிமை வயது 18 ஆயிற்று.

இதுவரை கண்டது ஒரே வழக்கின் பல வாய்தாக்கள். போருக்கு மக்கள் தேவைப்பட்டனர்; ஆகவே மக்களின் பேச்சுக்கும், சில வேளையேனும், செவிசாய்க்க நேர்ந்தது. மக்களே தேவையில்லை என்ற நிலை வந்தால்?

1945 ஆகஸ்டு 6. ஹிரோஷிமா மீது அணுகுண்டு சுமந்துசென்ற விமானத்திலே இருந்தவர் 12 பேர். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்நகரிலே மாண்டவர் ஏறத்தாழ 1,40,000 பேர். குண்டைச் செய்யும் வேலையிலே இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் ஈடுபட்டிருந்தனர். அவர்களிலே பெரும்பாலோருக்குத் தாம் செய்வது என்ன என்பதே சொல்லப்படவில்லை. கரத்தைப் பெற்றுக்கொண்டனர், கருத்தைக் கேட்கவில்லை! 1973-ல் அமெரிக்கா கட்டாயப் படைச் சேர்ப்பை நிறுத்திற்று. தன் பிள்ளை போகவில்லை என்றால் தாய் தெருவுக்கு வருவாளா? இன்று ஆளில்லா விமானம் பல்லாயிரம் மைலுக்கு அப்பால் குண்டு வீசுகிறது. இயக்குபவன் நாற்காலியிலே அமர்ந்திருக்கிறான்.

170 பேர் வலித்த கப்பலிலே தொடங்கினோம். 12 பேரிடம் வந்தோம். ஒரே ஆளிடமும் வந்ததுண்டு.

1983 செப்டம்பர் 26. நள்ளிரவு கடந்த நேரம். மாஸ்கோவுக்குத் தெற்கே ஒரு கண்காணிப்பு நிலையத்திலே ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் என்னும் சோவியத் அதிகாரி பணியில் இருந்தார். அபாயச் சங்கு அலறிற்று. அமெரிக்கா ஏவுகணை விடுத்துவிட்டது என்றது இயந்திரம். ஒன்று, பிறகு மேலும் நான்கு. மேலிடத்துக்கு அதை அப்படியே சொல்லியிருந்தால், பதிலடி எழுந்திருக்கலாம். அதன் முடிவை எழுத எவரும் எஞ்சியிருக்க மாட்டார்கள். பெட்ரோவ் சிந்தித்தார். உலகப் போரைத் தொடங்குகிறவன் ஐந்தே ஐந்து ஏவுகணைகளையா விடுவான்? தரையிலுள்ள கருவிகளும் எதையும் காட்டவில்லையே! இது பொய் எச்சரிக்கை என்று அறிவித்தார். அதுதான் உண்மை. மேகத்தின்மீது பட்ட சூரிய ஒளியை, செயற்கைக்கோள் ஏவுகணை என்று எண்ணிவிட்டது.

அன்று உலகைக் காத்தது கவசம் அல்ல, மந்திரம் அல்ல, குலவீரம் அல்ல. ‘இயந்திரம் சொன்னாலும் சரி, எண்ணிப் பார்ப்பேன்’ என்ற பகுத்தறிவு! ஆனால், நாம் மகிழ்ந்து உறங்கிவிடலாமா? அந்த இரவு வேறொருவன் அந்த நாற்காலியிலே இருந்திருந்தால்? இன்று ஒன்பது நாடுகளிடம் ஏறத்தாழ 12,000 அணு ஆயுதங்கள் உள்ளன. அவற்றைத் தடைசெய்யும் உடன்படிக்கை ஒன்று 2017-ல் ஐக்கிய நாடுகள் அவையிலே உருவாயிற்று; 2021-ல் நடைமுறைக்கு வந்தது. ஒன்பது நாடுகளிலே ஒன்றுகூட, அதில் ஒப்பமிடவில்லை — இந்தியா உட்பட!

நாம் போரைப் புகழ இந்த வரலாற்றைக் கூறவில்லை. துடுப்பு வலித்தவனும் நெசவாளியும் உழவன் மகனும், தம் கைகள் தேவைப்பட்ட காரணத்தால் ஆட்சியின் கதவைத் தட்ட முடிந்தது. இனிவரும் போர் நம் கைகளைக் கேட்காது. நம் உயிரை மட்டும் கேட்கும். ஆகவே, கதவைத் தட்ட நம்மிடம் எஞ்சியிருப்பது வாக்கும், எழுத்தும், ‘ஏன்?’ என்று கேட்கும் துணிவுமே. போர் என்று எவர் முழங்கினாலும், அது தேவரின் பெயராலோ தேசத்தின் பெயராலோ எழுந்தாலும், இளைஞர்கள் முதலில் கேட்க வேண்டியது இது: முடிவு செய்தவர் யார்? எங்களைக் கேட்டீர்களா?

ஏகலைவன் அன்று அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. விரலை இழந்தான்.